கிண்ணத்துத் தண்ணீர் ஏன் போதவில்லை: குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஈரப்பதம்

ஹீட்டர் ஓடத் தொடங்கியதிலிருந்து உதடு வெடிக்கிறது, காலையில் தொண்டை காய்ந்து கிடக்கிறது, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது. இருவர் வசிக்கும் 80 சதுர மீட்டர் வீடு, ஈரப்பத மீட்டர் 24 சதவீதம் காட்டுகிறது. அறையைச் சூடாக்கும் சுடுநீர் ரேடியேட்டர் மேல் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து இரண்டு வாரமாகியும் அந்த எண் அசையவில்லை. காற்றில் ஈரம் சேர்க்கும் மிஷினான ஹியூமிடிஃபையர் வாங்கினால் ஜன்னல் வேர்த்துப் பூஞ்சை பிடிக்குமோ என்ற பயமும் இருக்கிறது. நீங்கள் கேட்டிருப்பது இதுதான். எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்பதுபோல் தோன்றினாலும் உள்ளே இருப்பவை வேறு இரண்டு கேள்விகள்: இந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தேவை, எத்தனை சதவீதம் வரை இந்த வீட்டின் ஜன்னல்கள் தாங்கும். இவை இரண்டுக்கும் விடை கிடைத்தால் மிஷின் தேர்வு கடைசியில் தானாக வந்துவிடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிப்பதில்லை. ரேடியேட்டர், மின்சார ஹீட்டர், ஏசியின் சூடாக்கும் முறை எதுவுமே ஒரு கிராம் நீராவியைக்கூட அழிப்பதில்லை. மீட்டரில் தெரிவது ஒப்பீட்டு ஈரப்பதம். அதாவது, இந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்ற கணக்கு. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 4.8 கிராம் நீராவியைத் தாங்கும், 21 டிகிரியில் 18 கிராமுக்கு மேல் தாங்கும். வெளியே 0 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று இடுக்கு வழியாக உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால், அதே நீராவி இப்போது சுமார் 20 சதவீதம்தான். மைனஸ் 10 டிகிரிக் காற்றாக இருந்தால் 10 சதவீதத்துக்கும் கீழே போகும். வெளியே பனிமூட்டமாக, நசநசவென்று இருந்தாலும் வீட்டுக்குள் வறட்சியாக இருப்பது இதனால்தான்.

அப்படியானால் ஈரம் எங்கே போகிறது? வெளியே போகிறது. ஜன்னல் சட்ட இடுக்கு, கதவின் அடி, குளியலறை விசிறி, அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி என்று எல்லா வழியாகவும் ஈரமான உள்காற்று வெளியேற, வறண்ட வெளிக்காற்று அந்த இடத்துக்கு வருகிறது. ஓரளவு இறுக்கமான வீட்டில் மணிக்குப் பாதிக் காற்று மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டின் கூரை உயரம் 2.5 மீட்டர் என்றால் மொத்தம் 200 கன மீட்டர், மணிக்கு 100 கன மீட்டர் மாறுகிறது. 24 சதவீதத்தை 40 ஆக்க ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏறக்குறைய 2.9 கிராம் கூடுதல் நீர் வேண்டும். மணிக்கு 290 கிராம், நாளைக்கு 7 லிட்டர். இது ஒரு தடவை ஊற்றிவிட்டு மறந்துவிடும் தண்ணீர் அல்ல, குளிர் இருக்கும்வரை நாள் தவறாமல் ஊற்ற வேண்டியது.

இப்போது கிண்ணத்தைப் பாருங்கள். அசையாத அறைக்காற்றில் திறந்த நீர்ப்பரப்பு சதுர மீட்டருக்கு மணிக்கு 100 முதல் 150 கிராம் வரை ஆவியாகும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தில் அது 7 முதல் 10 கிராம். ரேடியேட்டர் சூட்டில் மூன்று நான்கு மடங்கு கூடினாலும் 40 கிராமைத் தாண்டுவது அரிது. தேவை 290. யானைப் பசிக்குச் சோளப்பொரி. வீட்டுச் செடிகளின் நிலையும் இதுதான். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியாகவும் மண் வழியாகவும் காற்றுக்குத்தான் போகிறது, ஆகவே கணக்கு எளிது: வாரம் ஒரு லிட்டர் ஊற்றினால் வாரத்துக்கு ஒரு லிட்டர்தான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது வாரத்துக்கு 49 லிட்டர். செடி வளர்க்க வேறு நல்ல காரணங்கள் உண்டு, இது அவற்றில் ஒன்றல்ல.

மீட்டரை நம்புவதற்கு முன் அதைச் சோதியுங்கள். மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் புதிதாக இருக்கும்போதே 3 முதல் 5 சதவீதம் பிசகும், பழசானால் இன்னும் கூடும். சோதனைக்குச் சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, ஈர மணல்போல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து நீராகிவிட்டால் அளவு தப்பிவிடும். மீட்டரையும் மூடியையும் ஒன்றையொன்று தொடாதபடி காற்றுப் புகாத டப்பாவிலோ ஜிப் பையிலோ வைத்து, ஒரே சீரான அறை வெப்பத்தில் 10, 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே காற்று 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 70 காட்டினால் 5 குறைவாகக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 75-ல் உள்ள பிசகு 30-லும் அதே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் இது தோராயத் திருத்தம்தான். ஆனாலும் பத்துப் பதினைந்து சதவீதம் தப்பும் மீட்டரை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். வைக்கும் இடமும் முக்கியம்: தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், வெளிச்சுவர், ஜன்னல், ரேடியேட்டர், பனிமூட்டம் கக்கும் மிஷின் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி. மீட்டரை ரேடியேட்டருக்கு மேலுள்ள அலமாரியில் வைத்தால், சூடான காற்றை அளந்து இல்லாத வறட்சியைக் காட்டும்.

இன்னொரு அளவும் எடுக்கச் சொல்வேன். படுக்கையறையில் மீட்டரை வைத்து, காலையில் கண் விழித்ததும் பாருங்கள். சிறிய அறையில் கதவை மூடி இருவர் தூங்கினால் அவர்கள் மூச்சிலும் தோலிலும் வெளியாகும் ஈரமே அறையைக் கணிசமாக உயர்த்திவிடும். மற்ற அறைகளில் 24 இருக்கும்போது படுக்கையறையில் காலையில் 40-க்கு மேல் காட்டினால், தொண்டை காய்வதற்குக் காற்றைக் குறைசொல்ல முடியாது. மூக்கடைப்பால் வாய்வழியாக மூச்சுவிடுவது, குறட்டை, சில மாத்திரைகள், அறை அதிகச் சூடாக இருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஈரம் ஏறட்டும் என்று கதவை மூடியே தூங்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஈரத்தோடு கரியமில வாயுவும் ஏறும், காலையில் தலை கனக்கும். கதவைச் சற்றுத் திறந்து வைப்பது நல்லது.

எத்தனை சதவீதம் வேண்டும் என்பதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். உறுதியானவை: 30-க்குக் கீழே போகப் போகக் கண், உதடு, மூக்குச் சவ்வு, தோல் ஆகியவை வறள்கின்றன, கைப்பிடியில் மின்சாரம் அடிப்பது கூடுகிறது, மரத்தரையும் மரச்சாமானும் சுருங்கி விரிசல் விடுகின்றன. 50-க்கு மேல் தூசிப்பூச்சிகள் பெருகுகின்றன, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கெடுதல். 60-க்கு மேல் பூஞ்சையின் காலம். ஆகவே 30 முதல் 50 வரை என்ற பொதுவான பரிந்துரையில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. சந்தேகமானது, ஹியூமிடிஃபையர் வைத்தால் சளிக்காய்ச்சல் வராது என்ற விளம்பரப் பேச்சு. இன்ஃப்ளுவென்சா வைரஸ் வறண்ட காற்றில் அதிக நேரம் உயிர்ப்புடன் இருப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒரு மிஷின் வைத்தால் அந்த வீட்டார் நோயில் விழுவது குறையும் என்பது வேறு கூற்று, அதற்கு அந்த அளவு வலுவான ஆதாரம் கிடையாது. இன்னொன்று: ஈரப்பதத்தை நேரடியாக உணரும் உறுப்பு மனித உடலில் இல்லை. தூசி, புதுப் பெயின்ட் வாடை, அதிகச் சூடு எல்லாமே ‘வறட்சி’ என்றுதான் படும். உடம்பு சொல்வதை வைத்து மட்டும் மிஷினைத் திருகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்து ஜன்னல். நீங்கள் பயந்த விஷயம் உண்மையானது, ஆனால் கணக்குக்கு அடங்கியது. 21 டிகிரி, 40 சதவீதத்தில் இருக்கும் காற்று, 7 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீராக இறங்கும். 30 சதவீதமாக இருந்தால் அந்த வரம்பு 3 டிகிரி, 50 சதவீதமாக இருந்தால் 10 டிகிரி. வெளியே மைனஸ் 5 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் ஒன்றரை டிகிரியில் இருக்கும், 27 சதவீதத்திலேயே வேர்த்துவிடும். அந்த வீட்டில் 40-ஐ நினைத்தே பார்க்க வேண்டாம். சாதாரண இரட்டைக் கண்ணாடியின் நடுப்பகுதி சுமார் 11 டிகிரியில் நிற்கும், ஏறக்குறைய 50 வரை தாங்கும். ஆனால் கண்ணாடியின் ஓரமும் சட்டமும், குறிப்பாக அலுமினியச் சட்டம், அதைவிட நிறையக் குளிர்ந்திருக்கும். வேர்வை முதலில் அங்கேதான் தொடங்கும்.

பூஞ்சைக்கு வேர்வைகூட அவசியமில்லை. ஒரு பரப்பை ஒட்டிய காற்றில் ஒப்பீட்டு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் போதும், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமலே பூஞ்சை வளரும். அறையின் நடுவில் 21 டிகிரி, 40 சதவீதம் இருக்கும்போது, 10 டிகிரியில் இருக்கும் ஒரு சுவர் மூலையில் அது 80 ஆகிவிடுகிறது. வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்ட பீரோவின் முதுகு, கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்புறம், தரையோடு சேரும் மூலை ஆகிய இடங்களில் இது நடக்கும். மரச்சாமானை வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் காற்று ஓடிச் சுவர் கொஞ்சம் சூடாகும். இரவில் தடித்த திரையை இழுத்து மூடினால் அறை இதமாக இருக்கும், ஆனால் திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து அதிகமாக வேர்க்கும். காலையில் திரையைத் திறந்து, வேர்த்திருந்தால் துடைத்துவிட வேண்டும்.

இரட்டைக் கண்ணாடி வீடுகளுக்கு நடைமுறையில் பயன்படும் வரம்பு இது: வெளியே 4, 5 டிகிரி என்றால் உள்ளே 45 வரை, 0 டிகிரிக்கு 40, மைனஸ் 7-க்கு 35, மைனஸ் 12-க்கு 30, மைனஸ் 18-க்கு 25, அதற்கும் கீழே போனால் 20. கடுங்குளிரில் ஈரப்பதத்தை ஏற்ற அல்ல, இறக்க வேண்டும் என்பதுதான் பலரும் தலைகீழாகச் செய்யும் இடம். இந்த எண்கள் வேதவாக்கு அல்ல. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை ஜன்னலே சொல்லும். காலையில் கண்ணாடியின் அடியில் பிறைபோல் மெல்லிய வேர்வை இருந்து பத்து மணிக்குள் காய்ந்துவிட்டால் கவலையில்லை. அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்கினால் குறி வைத்த அளவை 5 சதவீதம் குறையுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். கண்ணாடி காட்டிக்கொடுக்காத ஆபத்தும் ஒன்று உண்டு. மேல்தளக் கூரை இடுக்கிலோ சுவருக்குள்ளோ ஈரக்காற்று கசிந்தால் அங்கே நீராக இறங்கி மரத்தை உளுக்கச் செய்யும். கூரைக்குக் கீழே பரண் இருக்கும் வீட்டில், குளிர் மிகுந்த நாளொன்றில் டார்ச் எடுத்துக்கொண்டு ஏறி ஆணி முனைகளில் பனி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம்.

மிஷினுக்குப் போகுமுன் செலவில்லாத வேலைகளை முடித்துவிடுங்கள். முதலாவது வெப்பநிலை. 23 டிகிரியில் 30 சதவீதம் காட்டும் அதே காற்று, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே 18 டிகிரியில் 40 சதவீதம் காட்டும். படுக்கையறையை மட்டும் 18-க்குக் கொண்டுவந்து கனமான போர்வை போர்த்தித் தூங்கினால் காலைத் தொண்டையின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். ஆனால் சுவர்களும் சேர்ந்து குளிரும் என்பதால் மூலைகளைக் கவனியுங்கள். குளிர்மூலைகள் உள்ள வீட்டில் 16-க்குக் கீழே இறக்குவது வினையாகிவிடும். இரண்டாவது, கசிவு. கதவின் அடியில் பிரஷ் பட்டை, ஜன்னல் சட்டத்தில் ஃபோம் டேப், குழாய் நுழையும் ஓட்டைகளில் சீலன்ட். இதைச் செய்யாமல் மிஷின் வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை. காற்றுமாற்றம் பாதியானால் தேவையான தண்ணீரும் பாதியாகும். ஆனால் காற்றோட்டத்துக்கென்றே வைத்த திறப்புகளை அடைக்கக் கூடாது. உள்ளேயே எரியும் கேஸ் அல்லது விறகு அடுப்பு இருக்கும் வீட்டில் இதைத் துறை அறிந்தவரைக் கேட்காமல் செய்யவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் நீராவியும் தருகிறதே என்று அதை ஈரத்துக்காகப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அதே காரணத்தால் அது தவறு.

மூன்றாவது, துணி. வாஷிங் மிஷினில் ஒரு தடவை துவைத்து நன்றாகச் சுழற்றிப் பிழிந்த துணியில் இரண்டு லிட்டருக்குமேல் தண்ணீர் இருக்கும். அதை அறைக்குள் கொடியில் போட்டால் ஒரு நாளுக்குள் அத்தனையும் உங்கள் காற்றுக்கு வந்துவிடும். உங்கள் தேவையில் கால்பங்குக்கு மேல் இது. மீட்டர் 35-க்குக் கீழே இருக்கும் நாட்களில் தாராளமாகச் செய்யலாம். ஈரமான வீட்டில் பூஞ்சை வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தப் பழக்கம் என்பதால், மீட்டரைப் பார்க்காமல் வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். குளித்து முடித்ததும் விசிறியைப் போடாமல் குளியலறைக் கதவைத் திறந்துவிடுவதும் உதவும். ஆனால் அதில் கிடைப்பது கால் அல்லது அரை லிட்டர்தான்.

மிஷின்களில் மூன்று வகை. முதலாவது, நனைந்த திரி அல்லது ஃபில்டர் வழியாக விசிறி காற்றைத் தள்ளும் வகை. தானாகவே அளவறிந்து நடப்பது இதன் பெரிய குணம். அறையில் ஈரம் ஏற ஏற ஆவியாவது தானாகவே குறையும், ஆகவே கவனிக்காமல் விட்டாலும் அறையை நனைத்துவிடாது. தண்ணீரிலுள்ள உப்புகள் திரியிலேயே தங்கிவிடும். அதுவே குறையும்கூட: கடின நீராக இருந்தால் திரி சில வாரங்களில் சுண்ணாம்பு ஏறிப் பலகைபோல் விறைத்து, நீரை உறிஞ்சாமல் போய்விடும். விசிறி ஓடுகிறது, தொட்டி காலியாகவில்லை என்றால் திரி செத்துவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சீராகத் தேயும். மாற்றுத் திரியின் விலையையும், அது தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் வாங்குமுன் பாருங்கள்.

இரண்டாவது அல்ட்ராசோனிக் வகை. தட்டு ஒன்று அதிவேகமாக அதிர்ந்து நீரைப் புகைபோன்ற துளிகளாக்கும். மலிவு, சத்தமில்லை, பார்க்க அழகு. ஆனால் இது நீரை ஆவியாக்குவதில்லை, தெளிக்கிறது. நீரில் கரைந்த உப்பும், தொட்டியில் வளர்ந்த கிருமியும் அந்தத் துளியோடு சேர்ந்து காற்றுக்கு வரும். உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, 300 என்றால் ஒவ்வொரு லிட்டரிலும் 300 மில்லிகிராம் உப்பு. நாளைக்கு மூன்று லிட்டர் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு கிராம் நுண்தூசியை அறைக்குள் தூவுகிறீர்கள். மேசையில் படியும் வெள்ளைப் பொடி அதுதான், நுரையீரலுக்குப் போவதும் அதுதான். காற்றுச் சுத்திகரிப்பான் உள்ள அறையில் அது பதறிப்போய் முழு வேகத்தில் ஓடுவதும் இதனால்தான். கொதிக்க வைத்தால் இந்த உப்பு போகாது, வடிகட்டும் ஜாடியும் பெரிதாக உதவாது. டி.டி.எஸ். 50-க்குக் கீழே உள்ள ஆர்.ஓ. தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ வேண்டும். அதை நாள்தோறும் வாங்கவோ தயாரிக்கவோ வழியில்லை என்றால் இந்த வகையை விட்டுவிடுவதே என் ஆலோசனை.

மூன்றாவது, நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் வகை. கிருமி சாகிறது, உப்பு பாத்திரத்திலேயே தங்குகிறது, சுத்தம் செய்வதும் எளிது. சுடுநீர் ஆபத்து இருப்பதால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கெட்டாத இடம் கட்டாயம். லிட்டருக்கு 0.7 யூனிட் மின்சாரம் பிடிக்கும் என்று இதைப் பலர் ஒதுக்குவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. மற்ற இரண்டு வகைகளிலும் அதே நீர் ஆவியாக அதே அளவு வெப்பம் வேண்டும், அது அறைக்காற்றிலிருந்து போகிறது, அறை குளிர்கிறது, அந்த நட்டத்தை உங்கள் ஹீட்டர் ஈடுகட்டுகிறது. சாதாரண மின்சார ஹீட்டர் வைத்திருப்பவருக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே செலவுதான். வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் அல்லது மலிவான கேஸ் சூடாக்கம் உள்ளவர்களுக்குத்தான் திரிவகை உண்மையில் சிக்கனம்.

உங்கள் நிலைமைக்கு, கூடத்தில் மணிக்கு 400 முதல் 500 மில்லிலிட்டர் தரும் திரிவகை ஒன்று என்பதே என் தேர்வு. கணக்கில் 290 வந்தாலும், பெட்டியில் அச்சிட்டிருப்பது விசிறி முழு வேகத்தில், வறண்ட காற்றில் கிடைக்கும் அளவு. இரவில் சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைப்பீர்கள், ஈரம் ஏறியதும் அதுவே குறையும், திரியும் பழசாகும். கசிவை அடைத்து, படுக்கையறையையும் குளிர்வித்தபின் அதில் பாதித் திறனே போதும் என்று ஆகலாம், அதனால்தான் அந்த வேலைகளை முதலில் சொன்னேன். என் கணக்கில் மிகப் பலவீனமான எண் மணிக்குப் பாதிக் காற்றுமாற்றம் என்பதுதான். உங்கள் வீட்டில் அது 0.3 ஆகவும் இருக்கலாம், 1 ஆகவும் இருக்கலாம், கருவி வைத்து அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. மிஷின் வந்த முதல் வாரத்தில் நாளைக்கு எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள், மீட்டர் எவ்வளவு ஏறியது என்று குறித்து வைத்தால் உங்கள் வீட்டின் உண்மையான எண் அதிலிருந்தே தெரிந்துவிடும். முதல் சில நாள் ஏற்றம் மந்தமாக இருக்கும். காய்ந்துபோன மரம், துணி, சுவர்ப்பூச்சு, புத்தகம் எல்லாம் முதலில் தங்கள் பங்கைக் குடித்துக்கொள்ளும். அதைப் பார்த்து மிஷின் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பராமரிப்பில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தேங்கிய நீரில் இரண்டு மூன்று நாளில் வழவழப்பான படலம் பிடிக்கும், அழுக்கான மிஷினின் காற்றைத் தொடர்ந்து சுவாசித்தால் காய்ச்சலும் நுரையீரல் ஒவ்வாமையும் வருவது மருத்துவம் அறிந்த நோய். நாள்தோறும் மிச்ச நீரைக் கொட்டி, தொட்டியை அலசி, புது நீர் ஊற்றுங்கள். மிச்சத்தின் மேலேயே ஊற்றிக்கொண்டு போவதுதான் வழக்கமான தவறு. வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து, அல்லது ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து, அரைமணி ஊறவைத்துச் சுண்ணாம்பை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அல்ட்ராசோனிக் தட்டைக் கத்தியால் சுரண்டினால் அதோடு அதன் கதை முடிந்தது. நன்றாக அலசியபின், கிருமி நீக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி அலசுங்கள். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

ஓடும் தொட்டியில் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. வாசனை எண்ணெய் பிளாஸ்டிக்கில் விரிசல் விழச் செய்யும், திரியை அடைக்கும். கிருமிநாசினி கலப்பது அதைவிட மோசம். ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலப்பதற்கென்றே விற்கப்பட்ட கிருமிநாசினிகளால் தென்கொரியாவில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்படப் பலர் நுரையீரல் சிதைந்து இறந்தது 2011-ல் அம்பலமானது. அவற்றில் முக்கியமான பொருள் பாலிஹெக்ஸாமெதிலீன் குவானிடின் என்ற வேதிப்பொருள், பி.ஹெச்.எம்.ஜி. என்பார்கள். தோலில் பட்டால் பெரிதாகக் கெடுதல் செய்யாதது, துளியாக நுரையீரலுக்குள் போனபோது கொன்றது. ‘பாதுகாப்பானது’ என்ற சீட்டு எந்த வழியாக உடலுக்குள் போவதற்குப் பாதுகாப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வைக்கும் இடம் பற்றி ஒரு வரி: அறையின் உட்புறமாக, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பனிபோல் கக்கும் வகையை மேசை உயரத்தில், மரத்தரையும் மின்சாதனமும் நனையாத திசையில் வையுங்கள். உதட்டுக்கும் மூக்குக்கும் மிஷின் வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், இரவில் உதட்டில் பெட்ரோலியம் ஜெல்லியும் மூக்கில் உப்புநீர்ச் சொட்டும் உடனே பலன் தரும். காற்று 40-ல் நின்று இரண்டு மூன்று வாரமாகியும் மூக்கில் ரத்தம் வருவதோ இருமலோ நிற்கவில்லை என்றால் அது காற்றோட்டம் தெரிந்தவர் பதில் சொல்லும் விஷயமல்ல, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

குளிர் முடிந்து ஹீட்டரை நிறுத்தும் வாரத்தில் மிஷினை முழுவதும் கழுவி, பழைய திரியைத் தூக்கிப்போட்டு, தொட்டியைத் துணியால் துடைத்து இரண்டு நாள் திறந்தே காயவிட்டபின் பெட்டியில் வையுங்கள். மூடியை இறுக்கி மூடாதீர்கள். உள்ளே மிஞ்சிய ஒரு கரண்டித் தண்ணீர் போதும், அடுத்த குளிர்காலத்தில் திறக்கும்போது பூஞ்சை வாடை முகத்தில் அடிக்க.